மரத்தடியில் ஈட்டியோடு ஒரு ராஜா

கிபியாவில் ஒரு மரத்தடி. இஸ்ரவேலின் ராஜா சவுல் கையில் ஈட்டியோடு உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் ஊழியர்கள். ஈசாயின் மகன் உங்களுக்கு வயலும் திராட்சைத் தோட்டமும் தரப்போகிறானா, எல்லோரும் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்கிறீர்களே என்று கத்துகிறார். என் மகன் அவனோடு உடன்படிக்கை செய்ததை ஒருவரும் சொல்லவில்லையே என்று புலம்புகிறார். எபிரெய வேதத்தில் முதலாம் சாமுவேல், 22ஆம் அதிகாரம் இது. ஈசாயின் மகன் என்பது தாவீது, சவுலின் மருமகன். அந்தப் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை, கவனியுங்கள்.

ஊழியர்கள் ஏன் பேசவில்லை? விஷயமே தெரியாமல் இருக்கலாம். அந்த ஈட்டிக்குப் பயந்தும் இருக்கலாம். அது ஏற்கெனவே சொந்த மகன் யோனத்தானை நோக்கியே பறந்த ஈட்டி. சவுலுக்கோ மௌனமே சாட்சி.

சந்தேகம் இவ்வளவு சீக்கிரம் எப்படி முற்றுகிறது? உளவியலில் ஒரு மணிச் சோதனை உண்டு. ஒரு ஜாடியில் ஒரு நிற மணிகள் 85, இன்னொரு நிறம் 15. அடுத்த ஜாடியில் அப்படியே தலைகீழ். ஏதோ ஒரு ஜாடியிலிருந்து மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்கள். எந்த ஜாடி என்று எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்லலாம். பிரிட்டனில் 1988இல் வெளியான ஆய்வில், பொய்நம்பிக்கை நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான மணிகளிலேயே முடிவுக்கு வந்தார்கள். சவுலுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது நம் வேலையில்லை. ஆனால் அவருக்கு முதல் மணி ஒரு பாட்டு: 'சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்' என்று பெண்கள் ஆடிப் பாடினார்கள். அன்று முதல் தாவீதின் மேல் ஒரு கண்.

நியாயமும் கொஞ்சம் இருந்தது. ராஜ்யம் உன்னைவிட நல்லவனுக்குப் போகும் என்று தீர்க்கதரிசி சாமுவேல் முன்பே சொல்லிவிட்டார். தவறான எச்சரிக்கையால் தூக்கம்தான் கெடும். உண்மையான துரோகியைக் கவனிக்காமல் விட்டால் தலையே போகும். அதனால் மூளை, தோசைக்கல் புகைந்தாலும் அலறும் தீ எச்சரிக்கைக் கருவி மாதிரி நடந்துகொள்கிறது. சிம்மாசனத்தில் இருப்பவருக்கு அந்த அலறல் இன்னும் சத்தமாகக் கேட்கும். யோனத்தான் உடன்படிக்கை செய்தது உண்மைதான். அப்பாவைக் கொல்ல ஆள் ஏவினான் என்பது சவுல் தானாகச் சேர்த்துக்கொண்டது.

அப்புறம் சவுலின் ஊழியன் தோவேக்கு வாய் திறக்கிறான்: நோப் ஊர் ஆசாரியர் அகிமெலேக்கு தாவீதுக்கு அப்பமும் கோலியாத்தின் வாளும் கொடுத்தார் என்கிறான். அகிமெலேக்கின் பதில் எளிமையானது. உம் ஊழியர்களில் தாவீதைப் போல உண்மையுள்ளவன் யார், அவன் உம் மருமகனாச்சே, அவனுக்காக நான் கடவுளிடம் விசாரித்தது இன்றைக்குத்தானா? சந்தேகமில்லாத காதுக்கு இது விளக்கம். சவுலின் காதுக்கு ஒப்புதல் வாக்குமூலம். பேசாதவனும் சதிகாரன், பேசியவனும் சதிகாரன். இப்படி ஒரு கணக்கில் எந்த விடையும் தப்பாகவே வராது, அதுதான் ஆபத்து. காவலர்கள் வெட்ட மறுக்க, தோவேக்கு 85 ஆசாரியர்களை வெட்டினான்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் கணிப்பு. அகிமெலேக்கின் மகன்களில் தப்பிய ஒரே ஒருவன் அபியத்தார், ஏபோத்தை (கடவுளிடம் விசாரிக்கப் பயன்பட்ட ஆசாரிய உடை) எடுத்துக்கொண்டு நேராகத் தாவீதிடம்தான் ஓடினான். கடவுளிடம் கேட்டுச் சொல்லும் ஆசாரியன் இப்போது நிஜமாகவே எதிராளி பக்கம். பின்னாளில் எதிரிகளான பெலிஸ்தரின் படை திரண்டபோது சவுல் கடவுளிடம் கேட்டார், பதில் வரவில்லை. மாறுவேடம் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக, எந்தோரில் குறி சொல்லும் பெண்ணின் வீட்டுக்குப் போனார்.