டிவிடி ஒன்றைப் பிரதியெடுக்கும்போது உள்ளே நடப்பது

யாழ்ப்பாணத்தில் 2000ஆம் ஆண்டுகளில் கலியாணமோ சாமத்திய வீடோ நடந்த குடும்பங்களில், அலுமாரியின் மேற்தட்டிலோ பழைய பிஸ்கற் ரின் ஒன்றிலோ, சில டிவிடி இறுவட்டுகளாவது இன்றும் கிடக்கும். அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவி பல வீடுகளில் இப்போது இல்லை. புதிய மடிக்கணினிகளிலும் இறுவட்டு வாசிப்பான் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே "டிவிடிகளை எண்ணிமப்படுத்த வேண்டும்" என்று பலரும் சொல்கிறார்கள். அந்தச் சொற்றொடரே சற்றுப் பிழையானது. எண்ணிமப்படுத்த வேண்டியது விஎச்எஸ் நாடாவை. டிவிடியோ எழுதப்பட்ட நாளிலேயே எண்களாகிவிட்ட பொருள். அந்த எண்களை ஒரு பரப்பிலிருந்து இன்னொரு பரப்புக்கு, முதற்பரப்பு அழிவதற்கு முன், மாற்றுவதே இங்குள்ள வேலை. அதில் இரண்டு வெவ்வேறு செயல்கள் அடங்கியுள்ளன: எண்களை ஒன்றும் மாறாமல் வெளியே எடுப்பது ஒன்று, எடுத்ததைச் சிறிதாக்குவது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்க முயல்வதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

டிவிடி 12 சென்ரிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டது. உண்மையில் அது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பொலிகாபனேற்று பிளாஸ்ரிக் தட்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டது. பதிவு அவற்றின் நடுவில் இருக்கிறது. மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஒரே சுருளாகச் செல்லும் தடத்தில், அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையிலான தூரம் 0.74 மைக்கிரோமீற்றர் மட்டுமே. அச்சுருளை நேராக நீட்டினால் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் வரும். யாழ் நகரிலிருந்து சுன்னாகத்தைக் கடந்துவிடும் நீளம் அது. 650 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி அத்தடத்தின் மீது பட்டுத் தெறிக்கும் அளவு கூடிக் குறைவதைக் கொண்டே வாசிப்பான் எண்களைப் பிரித்தறிகிறது.

ஆலையில் அச்சிடப்படும் திரைப்பட டிவிடியில் தெறிப்பு மாறுவதற்குக் காரணம் பிளாஸ்ரிக்கில் வார்க்கப்பட்ட நுண்ணிய குழிகள். வீடியோக்காரர் தமது கணினியில் எழுதித் தந்த இறுவட்டில் குழிகள் இல்லை. அங்கே சேதனச் சாயப் படலம் ஒன்று உள்ளது. எழுதும் லேசர் அதைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, அதன் ஒளியியல் தன்மையை மாற்றியிருக்கிறது. சாயம் என்பதால் அது மங்கும். வெப்பம், ஈரப்பதன், வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் ஆகிய மூன்றும் அதை விரைவுபடுத்துகின்றன. எமது குடாநாட்டில் மூன்றுக்கும் குறைவில்லை. இரு தட்டுகளை இணைக்கும் பசை விளிம்பில் தளர்ந்தால் ஈரம் உள்ளே போகும். கீறல் விழுந்த இறுவட்டில் பற்பசை தேய்க்கும் கைவைத்தியம் வெளிப்புறப் பிளாஸ்ரிக்கின் கீறலைச் சில வேளைகளில் மழுக்கக்கூடும். மங்கிய சாயத்துக்கு எந்தப் பசையும் மருந்தாகாது.

இவ்வளவு மென்மையான பொருள் இருபது ஆண்டுகள் கழித்தும் ஓடுவதற்குக் காரணம் பிழைதிருத்தக் குறியீடு. கோயில் உபயக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் கூட்டுத்தொகை, ஒவ்வொரு நிரலுக்கும் கீழே கூட்டுத்தொகை எழுதப்பட்டிருந்தால், நடுவில் ஒரு தொகை மை கொட்டி அழிந்தாலும் மற்றவற்றிலிருந்து அதைக் கணித்துவிடலாம். டிவிடியும் இதையே, ரீட், சொலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட கணித முறையால், மிக வலுவாகச் செய்கிறது. தரவு 192 வரிகளும் 172 நிரல்களும் கொண்ட அட்டவணையாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொரு வரிக்கும் 10 சரிபார்ப்புப் பைற்றுகளும், அட்டவணையின் அடியில் 16 சரிபார்ப்பு வரிகளும் சேர்கின்றன. மொத்தம் 37,856 பைற்றுகளில் 4,832 பைற்றுகள் காப்புக்காக மட்டுமே உள்ளன. ஒரு வரியில் ஐந்து பைற்றுகள் வரை பிழையானால் அந்த வரியே தன்னைத் திருத்திக்கொள்கிறது. வரி முழுவதும் போய்விட்டால், அத்தகைய 16 வரிகள் வரை நிரல் வழியாக மீட்கப்படுகின்றன.

இந்தத் திறமைதான் எம்மை ஏமாற்றுவதும். பழைய நாடா தேயத்தேயப் படத்தில் புள்ளிகள் கூடும், நிறம் வெளிறும். கண் முன்னே எச்சரிக்கை வந்துகொண்டிருக்கும். டிவிடியில் ஆயிரக்கணக்கான பிழைகள் சேர்ந்தாலும் அவை திருத்தப்பட்டுவிடுவதால் படம் முதல்நாள் போலவே தெரியும். பிழைகளின் எண்ணிக்கை திருத்தும் எல்லையைத் தாண்டிய அந்த இடத்தில் படம் திடீரென உறைந்து நிற்கும். "போன வருடம் நன்றாகத்தான் ஓடியது" என்பது ஓர் இறுவட்டின் நலத்துக்குச் சாட்சி அல்ல.

ஆகவே முதல் வேலை பிம்பம் எடுப்பது: இறுவட்டின் ஒவ்வொரு 2,048 பைற்றுத் துண்டையும் வரிசையாக வாசித்து, ஐஎஸ்ஓ எனப்படும் ஒரே கோப்பாக வன்தட்டில் எழுதுவது. யூஎஸ்பி வழியாக இணையும் வெளி வாசிப்பான் ஒன்று இதற்குப் போதும். நல்ல நிலையிலுள்ள இறுவட்டுக்கு எந்தச் சாதாரண மென்பொருளும் சரிவரும். பழுதடைந்ததற்கு நான் பரிந்துரைப்பது ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற கட்டற்ற மென்பொருள். கணினியின் வழக்கமான நகலெடுப்பு முதற்பிழையில் முட்டி நின்றுவிடும். அல்லது அதே இடத்தை மீண்டும் மீண்டும் வாசித்து, மற்றைய பகுதிகளுக்கான நேரத்தையும் வாசிப்பானின் ஆயுளையும் தின்றுவிடும். டிடிரெஸ்கியூ இலகுவான பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கடினமானவற்றைத் தாண்டிப்போய், பிறகு திரும்பி வந்து சிறுசிறு துண்டுகளாக முயல்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கிறது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்: மின்சாரம் போனால், வந்த பின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அந்த வரைபடக் கோப்புக்கு இன்னொரு பயன் உண்டு. ஒரு வாசிப்பான் கைவிட்ட துண்டை வேறொரு வாசிப்பான் வாசிக்கக்கூடும். வாசிப்பானை மாற்றி, அதே வரைபடத்துடன் தொடர்ந்தால் இடைவெளிகள் மட்டும் நிரப்பப்படும். கலியாண வீடியோவை மாப்பிள்ளை வீட்டுக்கும் பொம்பிளை வீட்டுக்கும் ஒரே மூலப் பிம்பத்திலிருந்து வீடியோக்காரர் எழுதிக் கொடுத்திருந்தால், இரண்டு இறுவட்டுகளும் பைற்றுக்குப் பைற்று ஒன்றே. ஒன்று சாவகச்சேரியிலும் மற்றது லண்டனிலும் இருந்து, இரண்டும் வெவ்வேறு இடங்களில் பழுதுபட்டிருந்தாலும், இரண்டையும் சேர்த்து முழுமையான ஒரு பிரதியைப் பெற முடியும்.

கடையில் வாங்கிய திரைப்பட இறுவட்டுகள் வேறு விடயம். அவற்றில், பிரதியெடுப்பதைத் தடுக்கும் பூட்டாக, 40 பிற்று நீளத் திறவுகோல் கொண்ட மறையாக்கம் பெரும்பாலும் இருக்கும். 1999இல் அது உடைக்கப்பட்டது என்பது உண்மையானாலும், உள்ளடக்கத்தின் உரிமை பிறருடையது. வீட்டு விழாக்களின் இறுவட்டுகளில் அந்தப் பூட்டு இல்லை. இக்கட்டுரை அவற்றோடு நிற்கிறது.

பிம்பத்தைத் திறந்தால் உள்ளே விஓபி என முடியும் கோப்புகளும் ஐஎஃப்ஓ என முடியும் சிறு கோப்புகளும் தெரியும். விஓபி ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிகாபைற்றில் வெட்டப்பட்டிருப்பது கோப்பின் அளவு எல்லைக்காகவே அன்றிக் காட்சி முடிந்ததால் அல்ல. அவற்றைத் தனித்தனி வீடியோக்களாக எண்ணி மாற்றினால், தாலி கட்டும் நேரத்தில் படம் துண்டாகும். எந்தத் துண்டுக்குப் பின் எது வரும் என்ற ஒழுங்கு ஐஎஃப்ஓ கோப்பில் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த மென்பொருளிடம் முழுப் பிம்பத்தையும் கொடுப்பதே சரியான வழி.

சிறிதாக்கும் வேலைக்கு வருவோம். டிவிடியில் உள்ள படம் ஏற்கெனவே எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டது. 720 அகலமும் 576 உயரமும் உள்ள படங்களைச் செக்கனுக்கு 25 வீதம் சுருக்காமல் எழுதினால், செக்கனுக்கு ஏறத்தாழ 15.5 மில்லியன் பைற்றுகள் ஆகும், 4.7 கிகாபைற்று இறுவட்டில் ஐந்து நிமிடம்தான் அடங்கும். மூன்று மணித்தியாலக் கலியாணம் அதில் அடங்குவதற்குக் காரணம், பெரும்பாலான படங்கள் முழுமையாக எழுதப்படாமல், "முன்னைய படத்திலுள்ள இந்தச் சதுரம் இவ்வளவு தூரம் நகர்ந்துள்ளது" என்ற குறிப்பாக மட்டும் எழுதப்படுவதே. முழுப் படம் ஏறத்தாழ அரைச் செக்கனுக்கு ஒருமுறை வரும். மீட்க முடியாத ஒரு துண்டு படத்தில் அரைச் செக்கன் அளவுக்குச் சதுரங்களைச் சிதறவிட்டு, அடுத்த முழுப் படத்தோடு சீராகிவிடுவதும் இதனால்தான். சில துண்டுகள் போனதற்காக ஓர் இறுவட்டைக் கைவிட வேண்டியதில்லை.

2003இல் வந்த எச்.264 முறை நகர்வைக் கால் புள்ளி நுணுக்கத்தில், சிறிய பெரிய கட்டங்களாகத் தேடுவதால், அதே தரத்தை ஏறக்குறையப் பாதி இடத்தில் தரவல்லது. இந்த மாற்றத்துக்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் பரவலாகப் பயன்படுகிறது. தரத்தை அது ஓர் எண்ணால் கேட்கிறது: எண் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். டிவிடி அளவுள்ள படத்துக்கு 18 முதல் 22 வரை பொருத்தமானது. நான் 18ஐ எடுப்பேன். விஎச்எஸ் நாடாவிலிருந்து டிவிடிக்கு மாற்றப்பட்ட பழைய படமானால் கோப்பு எதிர்பாராத அளவுக்குப் பெருக்கும், ஏனெனில் நாடாவின் இரைச்சல் புள்ளிகள் எந்த முன்னைய படத்திலிருந்தும் ஊகிக்க முடியாதவை.

இங்கே பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. அக்காலக் கமராக்கள் பெரும்பாலும் ஒரு படத்தை ஒரே நேரத்தில் எடுக்கவில்லை. செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கில் ஒற்றை வரிகளையும், அடுத்த ஐம்பதில் ஒரு பங்கில் இரட்டை வரிகளையும் எடுத்தன. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் அது இயல்பாகத் தெரிந்தது. கைபேசித் திரையில் இரண்டையும் ஒன்றாகக் காட்டினால், அசையும் பொருளின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போன்ற கோடுகள் தோன்றும். இதை நீக்கும் வடிகட்டி ஹேண்ட்பிரேக்கில் உள்ளது. வழக்கமான அமைப்பு செக்கனுக்கு 25 படங்களைத் தந்து, அசைவின் பாதியை எறிந்துவிடும். "பொப்" என்ற முறை ஒவ்வொரு அரைப்படத்தையும் முழுப்படமாக நிரப்பி 50 படங்களைத் தரும். தவில்காரரின் விரல்களை இரண்டு முறைகளிலும் பார்த்தவர் மறுபடி 25க்குப் போகமாட்டார். ஆனால் படவேகத்துக்கு 25 அல்லது 30 என்ற உச்சவரம்பு இருந்தால் முயற்சி வீணாகும். அதை நீக்க வேண்டும்.

எமது வீடுகளின் சேகரிப்பில் இன்னொரு சிக்கல் புலம்பெயர்வால் வந்தது. இலங்கையிலும் லண்டனிலும் எழுதிய இறுவட்டுகள் பொதுவாக பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறையில் 720க்கு 576, செக்கனுக்கு 25 படங்கள். ரொறன்ரோவிலிருந்து வந்தவை வட அமெரிக்காவின் என்ரிஎஸ்சி (NTSC) முறையில் 720க்கு 480, செக்கனுக்கு 29.97 படங்கள். எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்கு மாற்றினால் அசைவு விக்கி விக்கிப் போகும். மூலத்தின் வேகத்தையே வைத்திருக்க வேண்டும். இரண்டிலும் புள்ளிகள் சதுரமானவை அல்ல. திரையில் 4க்கு 3 என்ற விகிதத்துக்கு அவை நீட்டப்பட வேண்டும் என்ற குறிப்பு கோப்பில் உள்ளது. அது தொலைந்தால் லண்டன் மாமா மெலிந்தும் ரொறன்ரோ மாமா பருத்தும் தெரிவார்கள்.

சுருக்கிய கோப்பு கைபேசிக்கும் உறவினருக்கு அனுப்புவதற்கும் உரியது. பிம்பத்தை அதற்காக அழிக்கக்கூடாது. ஒற்றை அடுக்குள்ள 40 இறுவட்டுகளின் பிம்பங்கள் கூடிப்போனால் 188 கிகாபைற்று. ஒரு ரெராபைற்று வன்தட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சுருக்கும் முறைகள் மாறிக்கொண்டேயிருக்கும். பிம்பம் கையில் இருந்தால் எப்போதும் மூலத்திலிருந்தே புதிதாகச் சுருக்கலாம், சுருக்கியதை மறுபடி சுருக்க நேராது. ஒவ்வொரு பிம்பத்துக்கும் ஷா-256 முறையில் கைரேகை எண் ஒன்றைக் கணித்துக் குறித்துவைத்தால், இரண்டாவது வன்தட்டிலுள்ள பிரதி ஒரு பிற்றுக்கூட மாறாமல் இருக்கிறதா என்று எப்போதும் பார்த்துக்கொள்ளலாம்.

எடுத்த பிம்பத்தை விஎல்சி என்ற வீடியோ இயக்கியில் சோதிக்கும்போது பெரும்பாலோர் முதல் இரண்டு நிமிடங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எழுத்து மையத்தில் தொடங்கி விளிம்பில் முடிவதாலும், கைபட்டும் வளைந்தும் ஈரம் புகுந்தும் பெரும்பாலும் முதலில் கெடுவது விளிம்பே என்பதாலும், பார்க்க வேண்டியது கடைசிப் பத்து நிமிடங்களை.