பழைய தரவில் கிடைத்த எட்டாவது கோள்

நாசாவின் கெப்ளர் விண்தொலைநோக்கி 2009 முதல் 2013 வரை வானத்தின் ஒரே பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுமார் ஒன்றரை லட்சம் விண்மீன்களின் ஒளியை ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு முறை அளந்தது. ஒரு கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்தால் அந்த ஒளி சற்றே குறையும். வெகு தொலைவிலிருந்து பார்த்தால், சூரியனைப் பூமி மறைக்கும்போது குறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படிப்பட்ட சரிவு சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே கோள் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்: இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தாலும், கருவியே தடுமாறினாலும் இதே சரிவு தெரியும்.

அசலையும் போலியையும் வல்லுநர்கள் வரைபடங்களைக் கண்ணால் பார்த்துப் பிரித்தார்கள். அவர்கள் தீர்ப்பளித்த சுமார் 15,000 ஒளிச்சரிவுச் சைகைகளையே கூகுளின் கிறிஸ்டோபர் ஷாலுவும் வானியலாளர் ஆண்ட்ரூ வாண்டர்பர்க்கும் ஒரு நரம்பியல் வலையமைப்புக்கு, அதாவது உதாரணங்களிலிருந்து கற்கும் செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு, பாடமாகக் கொடுத்தனர்.

முதலில் ஒளிப்பதிவைச் சுற்றுக்காலத்தின்படி மடித்து, எல்லாச் சரிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இரைச்சல், அதாவது அளவீட்டின் தற்செயலான ஏற்ற இறக்கம், தன்னைத்தானே சமன்செய்துகொள்ள, உண்மையான சரிவு மட்டும் எழுந்து நிற்கும். பிறகு வலையமைப்புக்கு இரண்டு படங்கள் தரப்படுகின்றன. ஒன்று, சரிவின் நெருக்கமான தோற்றம்: கோள் என்றால் பெரும்பாலும் அடி தட்டையாக இருக்கும், இரட்டை விண்மீன் என்றால் கூராக இறங்கும். மற்றொன்று முழுச் சுற்று. அதில் இன்னொரு சிறிய சரிவு தென்பட்டால், மறைக்கும் பொருளும் தானே ஒளிர்கிறது என்று பொருள். அது கோள் அல்ல. இந்த விதிகளை யாரும் நிரலில் எழுதிவைக்கவில்லை. படத்தின் சில பகுதிகளை மறைத்து, கணிப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தபோதுதான், வலையமைப்பு அந்த இரண்டாவது சரிவைத் தானாகவே கவனிக்கக் கற்றிருந்தது தெரிந்தது. என்னைக் கேட்டால், இந்த ஆய்வின் மிக அழகான பகுதி இதுதான்.

சோதனையில், ஒரு கோளையும் ஒரு போலியையும் ஒப்பிட்டபோது 98.8 சதவீத முறை அது கோளையே மேலாக வரிசைப்படுத்தியது. அடுத்து, ஏற்கெனவே பல கோள்கள் அறியப்பட்ட 670 விண்மீன்களில் மங்கலான சைகைகளைத் தேடினர். 2017 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: ஏழு கோள்கள் கொண்டதாக அறியப்பட்டிருந்த கெப்ளர்-90 விண்மீனுக்கு எட்டாவதாக ஒன்று. 14.4 நாளில் சுற்றிவரும், பூமியைவிடச் சற்றுப் பெரிய, கொதிக்கும் பாறைக்கோள். நம் சூரியக் குடும்பத்துக்கு நிகரான எண்ணிக்கை.

‘செயற்கை நுண்ணறிவே கண்டுபிடித்தது’ என்பது கொஞ்சம் மிகை. வலையமைப்பு தந்தது ஒரு நிகழ்தகவு எண்ணை மட்டுமே. போலி இல்லை என்று உறுதிசெய்யும் வேலை பிறகும் மனிதர்களிடமே இருந்தது.

அதே தேடலில் கெப்ளர்-80 விண்மீனுக்கும் ஒரு கோள் கிடைத்தது. இந்தப் புதியதையும் சேர்த்து அங்குள்ள ஐந்து கோள்களின் சுற்றுக்காலங்கள் ஈர்ப்பு விசையால் சங்கிலிபோலப் பிணைந்தவை. அந்தப் பிணைப்பைக் கொண்டு கணக்கிட்ட காலத்துடன் புதிய கோளின் சுற்றுக்காலம் நெருக்கமாகப் பொருந்தியது. வலையமைப்புக்கு ஈர்ப்பு விசை பற்றி எவரும் ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லை.