திமிங்கலம் வருவதற்குள் வேலையை முடி

கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க, எடுத்த எடுப்பில் துளை போடுவதில்லை. முதலில் சத்தம்தான். ஆய்வுக் கப்பல் இழுத்துச் செல்லும் ஏர்கன்கள், பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அழுத்தப்பட்ட காற்றை நீருக்குள் வெடிப்பது போலத் திறந்துவிடும். பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை, பின்னால் பல கிலோமீட்டர் நீளும் கேபிள்களில் உள்ள ஹைட்ரோபோன்கள், அதாவது நீருக்கடியில் கேட்கும் மைக்குகள், பதிவு செய்யும். ஏர்கன் சத்தத்தின் ஆற்றலில் பெரும்பகுதி குறைந்த அதிர்வெண்ணில் இருப்பதால் வெகுதூரம் பரவும். பெரிய திமிங்கலங்கள் ஒன்றையொன்று அழைப்பதும் அதே அதிர்வெண்ணில்தான்.

இதற்காக பிரிட்டன் 1995-லேயே விதிமுறை வகுத்தது. ஏர்கன்களைச் சுடுவதற்கு முன் பயிற்சி பெற்ற பார்வையாளர் 30 நிமிடம் கடலைக் கவனிக்க வேண்டும். 200 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் 60 நிமிடம். 500 மீட்டருக்குள் ஒரு கடல் பாலூட்டி தென்பட்டால், அது விலகி 20 நிமிடம் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். விலக நினைக்கும் விலங்குக்கு அவகாசம் கிடைக்கட்டும் என்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்பெர்ம் திமிங்கலம் முக்கால் மணி நேரம் மேலே வராமல் இருக்கும்; கூவியர் அலகுத் திமிங்கலம் 3 மணி 42 நிமிடம் மூழ்கியிருந்ததாகப் பதிவே உண்டு. இரவிலும் மூடுபனியிலும் பைனாகுலரால் பயனில்லை. அப்போது ஹைட்ரோபோன் வைத்துக் கேட்கிறார்கள். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் 'க்ளிக்' ஒலி அதில் தெளிவாக விழும். சத்தம் போடாத திமிங்கலம் அதில் சிக்காது. போதாததற்கு, சுடத் தொடங்கிய பிறகு விலங்கு அருகில் வந்தாலும் நிறுத்தியே ஆக வேண்டும் என்று பிரிட்டிஷ் விதி சொல்வதில்லை. நியூசிலாந்தின் 2013 விதிகள் இதில் கறாரானவை: பெரிய ஆய்வின்போது பாதிக்கப்படக்கூடிய இனத்தைச் சேர்ந்த தாயும் குட்டியும் 1.5 கிலோமீட்டருக்குள் வந்தால் ஏர்கன்களை நிறுத்த வேண்டும்.

என்னைக் கேட்டால், பார்வையாளரைவிட நாட்காட்டிதான் நல்ல காவல். ரஷ்யாவின் சகலின் தீவுக்கு வடகிழக்கே, பில்துன் காயலை ஒட்டிய ஆழமில்லாத கடலில், சாம்பல் திமிங்கலங்கள் கோடையில் மேயும். அடிமண்ணைக் கிளறிச் சிறு கணுக்காலிகளைத் தின்னும். ஆண்டின் மற்ற மாதங்களைப் பெரும்பாலும் அப்படிச் சேர்த்த கொழுப்பில்தான் ஓட்ட வேண்டும். மேய்ச்சலை விட்டுத் துரத்தினால் நஷ்டம் பெரிது. 2010-இல் சகலின் எனர்ஜி நிறுவனம் அங்கே ஆய்வு நடத்தியபோது, ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) அமைத்த அறிவியல் குழுவும் திட்டமிடுதலில் பங்கெடுத்தது. கடல் பனி விலகியதும், பெரும்பாலான திமிங்கலங்கள் வந்து சேருமுன், கோடைத் தொடக்கத்திலேயே வேலையைத் தொடங்கினார்கள். கரையிலிருந்து ஆட்கள் கண்காணித்தார்கள். மேய்ச்சல் பகுதியின் விளிம்பில் சத்தம் எவ்வளவு எட்டுகிறது என்பதை மிதவைக் கருவிகள் உடனுக்குடன் தெரிவித்தன.

வந்து போகும் விலங்குக்குத்தான் இந்த உத்தி. வட கடலில் ஆண்டு முழுவதும் வாழும் ஹார்பர் பார்பாய்ஸ்களுக்கு (திமிங்கல வகையைச் சேர்ந்த சிறு விலங்குகள்) நாட்காட்டியால் அவ்வளவு பயனில்லை. 2011-இல் ஸ்காட்லாந்தின் மோரே ஃபர்த்தில் பத்து நாள் ஆய்வு நடந்தபோது, 5 முதல் 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் அவற்றின் நடமாட்டம் குறைந்தது. சில மணி நேரத்தில் திரும்பி வந்தன. நாள் செல்லச் செல்ல விலகுவதும் குறைந்தது. சத்தம் பழகியதாலா, இரையை விட்டுப் போக முடியாததாலா என்பதை அந்தக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.