வரிய எழுதி வச்சா பாட்டு பிழைச்சுராதுங்க

இந்த வாரமும் ஒருத்தர் கேசட்டோட வந்தாரு. அவங்க ஆச்சி பாடுன ஒப்பாரி, பூஞ்சை புடிச்சிருக்குன்னு வெயில்ல காயப்போட்டு வீட்டு டேப்ரெக்கார்டர்ல ஓட்டிருக்காரு, சிக்கி அறுந்து போச்சு. "பரவால்ல சார், வரியெல்லாம் நோட்டுல இருக்கு"ன்னு அவரே எனக்கு ஆறுதல் சொல்றாரு.

எனக்கு கோவம் வர்ற எடமே இதுதான். நோட்டுல "என்னப் பெத்த அம்மா"ன்னு மூணு வார்த்தை, ஆச்சி பாடுறப்போ அதுக்கு ஒரு முழு மூச்சு போகும், கடைசியில குரல இறக்கி விசும்பிட்டுதான் அடுத்த அடியையே எடுப்பாங்க, அந்த இழுவைய எந்த நோட்டுல எழுதுவீங்க? ஒரே வரிய பக்கத்து ஊர்ல வேற மெட்டுல பாடுவாங்க. நாட்டுப்புற ஆய்வாளர் நா. வானமாமலை தொகுத்து 1964ல வந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' புத்தகத்த நான் இன்னைக்கும் புரட்டுறேன், ஆனா வரிய மட்டும் படிச்சு யாரும் பாடக் கத்துக்க முடியாது. நாட்டுப்புறப் பாட்டு பாடுற தம்பதி விஜயலட்சுமி அம்மாவும் நவநீதகிருஷ்ணன் ஐயாவும் ஊர் ஊரா சேகரிச்சத மேடையில பாடியும் காட்டுனாங்க, அதனாலதான் மெட்டும் கூடவே வந்துச்சு.

பூஞ்சை புடிச்ச கேசட்ட ஓட்டவே ஓட்டாதீங்க, அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிரும். வெயிலும் ஆகாது. அப்படியே கேசட்ட சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆளுகிட்ட குடுங்க.

புதுசா போன்ல எடுக்குறவங்க சத்தத்த சுருக்காம வைக்கிற வேவ் (WAV) ஃபைலா எடுங்க, ரெக்கார்டர் செட்டிங்ல 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் இருந்தா அதையே போடுங்க. இரைச்சல் குறைக்கிற ஆப்ஷன ஆஃப் பண்ணிருங்க, நடவுப் பாட்டுல வர்ற குலவைய அது வெறும் சத்தம்னு நெனச்சு அமுக்கிரும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜா பதிஞ்சு அனுப்பாதீங்க, அது சத்தத்த சுருக்கிரும், தயவுசெஞ்சு! எடுத்த ஃபைல டாக்குமெண்டா அனுப்புங்க.

ஒப்பாரிய வீட்டுக்குள்ள உக்காந்து பாடச் சொல்லாதீங்க, நல்லாருக்குற வீட்ல அது ஆகாதுன்னு தயங்குவாங்க, தோட்டத்துப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. நடுவுல இருமுனாலும் அழுதாலும் ரெக்கார்டிங்க நிறுத்தாதீங்க. பேரு, ஊரு, யாருகிட்ட கத்துக்கிட்டாங்க, எப்போ பாடுவாங்க, எல்லாம் அவங்க வாயாலயே சொல்ல வைங்க. யூட்யூப்ல போடுறதுன்னா கேட்டுட்டுப் போடுங்க. பேரு போடாம "கிராமத்துப் பாட்டி"ன்னு போடுறது அநியாயம், வருமானம் வந்தா அதுல அவங்களுக்கும் குடுக்கணும்.

ஃபைல ஒரே போன்ல வச்சுக்காதீங்க. ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, வேற ஊர்ல இருக்குற சொந்தக்காரங்ககிட்ட ஒண்ணு.

ஊர்ல பாடுற ஆச்சி இருந்தா பொங்கலுக்குப் போறப்போ பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, இந்த ஞாயித்துக்கெழமையே போயிருங்க.