டிகோடர்: ஒரு சொல்லும் மூன்று முடிச்சுகளும்

கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள அம்மா வீட்டில், தொலைக்காட்சிக்குப் படம் எடுத்துத் தரும் பெட்டியான டிகோடரின் பெயர் காதில் விழாத நாள் கிடையாது. "டிகோடரை அணைத்தாயா?", "டிகோடர் கார்டைத் துடைத்துப் போட்டுப் பார்", "கீழ் அறைக்கும் ஒரு டிகோடர் வைத்தால்தான் என்ன?" அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். ஆங்கிலம் அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இந்தச் சொல்லைத் தன் அஞ்சறைப்பெட்டியைச் சொல்வதுபோல் உரிமையோடு சொல்கிறார்.

1990களின் நடுவில்தான் இது நம் வீடுகளுக்குள் வந்தது. அதற்கு முன்பு கூரையில் ஏரியல் இருந்தது, கூடத்தில் தொலைக்காட்சி இருந்தது, நடுவில் ஒரு கம்பி இருந்தது. அவ்வளவுதான். 1996இல் அஸ்ட்ரோ என்ற கட்டணத் தொலைக்காட்சிச் சேவை தொடங்கி, மீசாட் செயற்கைக்கோள் வழியாக அலைவரிசைகள் வானிலிருந்து நேரே கூரைக்கு இறங்கியபோது, கம்பிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் ஒரு பெட்டி தேவைப்பட்டது. தமிழ் அலைவரிசைகளுக்கு வானவில், பிறகு விண்மீன் என்று பெயர் சூட்டினார்கள். வானிலிருந்து வருவதற்கு வானத்துப் பெயர்கள்! கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்த வானவில்லைத் திரைக்குக் கொண்டுவரும் பெட்டிக்குத்தான் தமிழ்ப் பெயர் அமையாமல் போய்விட்டது.

தமிழகத்தில் இதே பெட்டியைச் செட்டாப் பாக்ஸ் என்கிறார்கள். தொலைக்காட்சியின் தலைமேல் உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர் அது. இருக்கும் இடத்தைச் சொல்கிறது. முதுகு புடைத்த பழைய தொலைக்காட்சிகளுக்கு அது பொருந்தியது. சுவரில் தொங்கும் இன்றைய மெல்லிய திரையின் தலையில் ஒரு தீப்பெட்டியைக்கூட வைக்க முடியாது. மலேசியாவில் நாம் எடுத்துக்கொண்ட டிகோடர் என்ற பெயரோ, பெட்டி செய்யும் வேலையைச் சொல்கிறது. பெட்டி எங்கே போனாலும் அந்தப் பெயர் பழுதாகாது. அதனால் தமிழில் பெயர் தேடுவதற்கு நம் சொல்லே நல்ல தொடக்கம் என்று நினைக்கிறேன்.

டிகோடருக்குள் இருக்கும் சொல் கோட். அதன் வேர் லத்தீன் மொழியின் கோடெக்ஸ். அதைவிடப் பழைய வடிவம் காவ்டெக்ஸ். பொருள் அடிமரம். உரோமானியர்கள் மரத்தைப் பலகைகளாகப் பிளந்து, மெழுகு பூசி, எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். சேர்த்துக் கட்டிய அந்தப் பலகைகளுக்கு மரத்தின் பெயரே நின்றது. பிறகு அது புத்தகத்துக்குப் பெயரானது. சட்டங்களைத் தொகுத்த புத்தகத்துக்குப் பெயரானது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கோட் என்றால் சட்டத்தொகுப்பு. 19ஆம் நூற்றாண்டில் தந்தி பரவியது. சொல்லுக்கு இத்தனை காசு என்று கட்டணம் வாங்கியதால், ஒரு முழு வாக்கியத்துக்குப் பதில் ஒரே ஒரு குறிச்சொல்லை அனுப்பும் வழக்கம் வணிகர்களிடையே வந்தது. எந்தக் குறிக்கு எந்த வாக்கியம் என்று சொல்லும் புத்தகங்கள் இரு முனையிலும் இருந்தன. கோட் என்ற சொல் சட்டத்தை விட்டுக் குறிக்கு நகர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு. வந்த குறியை மீண்டும் வாக்கியமாக்குவதைச் சொல்லும் டிகோட் என்ற வினை அந்த நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது.

எழுத்தின் பெயரை மரத்திலிருந்து எடுப்பது நமக்குப் புதிதல்ல. அவர்கள் அடிமரத்தைப் பிளந்தார்கள். நாம் பனையிலிருந்து ஓலையை எடுத்தோம். ஏடு, ஓலை இரண்டும் அந்த வழியில் வந்தவை.

சிக்கல், முன்னால் நிற்கும் 'டி' என்ற ஒட்டில்தான் இருக்கிறது. அதற்கு நீக்கு, அகற்று என்று பொருள் கொண்டு மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. மலாய் மொழியின் பெஞாகோட் அப்படி அமைந்த சொல்: 'ஞா' என்றால் அகன்று போ என்று பொருள். தமிழ்க் கலைச்சொல் பட்டியல்களில் காணும் குறிவிலக்கி, குறிநீக்கி ஆகியவையும் அதே வழியில் வந்தவையே. இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் ஒரு தமிழ்க் காது இவற்றை எப்படிக் கேட்கும்? மதுவிலக்கு, வரிவிலக்கு என்று பழகிய காதுக்குக் குறிவிலக்கி என்பது குறியே கூடாதென்று தடுப்பதுபோல் ஒலிக்கிறது. கறைநீக்கி தெரிந்தவருக்குக் குறிநீக்கி என்றால் எதையோ துடைத்து எறிவது. பெட்டிக்குள் நடப்பது துடைப்பு அல்ல. குறிக்குள் கட்டுண்டு வந்த பொருள் அங்கே வெளியே வருகிறது.

அதற்குத் தமிழில் வினை இல்லையா? முடிச்சை அவிழ்க்கிறோம். சிக்கலை அவிழ்க்கிறோம். புதிரை அவிழ்க்கிறோம். மொட்டும் அவிழ்கிறது. கட்டியவரின் கையிலிருந்து கேட்பவரின் அறிவுக்குப் பொருள் போய்ச் சேரும் இடமெல்லாம் இந்தச் சொல் வந்து நிற்கிறது. குறியிலிருந்து கருத்தை எடுப்பதை நம் முன்னோர் அறிதல் என்றே கொண்டார்கள். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன: பொருட்பாலில் 71ஆம் அதிகாரம், காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். குறிப்பு நீங்குவதில்லை, அறியப்படுகிறது.

இந்தப் பெட்டி அவிழ்க்கும் முடிச்சுகள் மூன்று.

முதல் முடிச்சு அலையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலையின் சிறு அசைவுகளில்தான் ஒன்றும் சுழியுமாகச் செய்தி அடங்கியிருக்கிறது. வழியில் தேய்ந்துபோவது உறுதி என்பதால் காவலோடு அனுப்புகிறார்கள். முதல் தலைமுறைச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில் ஒவ்வொரு 188 பைட்டுக்கும் 16 பைட் காவல் சேர்ந்து வரும். அதைக் கொண்டு எட்டு பைட் வரை பிழையிருந்தாலும் பெட்டியே திருத்திக்கொள்ளும். கோலாலம்பூரின் மாலை மழை அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. ஏரியல் காலத்தில் மழை பெய்தால் புள்ளியும் நிழலுமாகவாவது முகம் தெரியும். இப்போது பிழை எல்லைக்குள் இருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும். எல்லையைத் தாண்டினால் ஒன்றுமே இருக்காது.

இரண்டாவது முடிச்சு பூட்டு. சந்தா கட்டியவருக்கு மட்டும் திறக்கும்படி அலைவரிசைகளைக் கலைத்து அனுப்புகிறார்கள். அம்மா துடைத்துப் போடச் சொல்லும் அந்தச் சிறு கார்டுதான் சாவி. மூன்றாவது, சுருக்கம். உயர்தெளிவுப் படம் ஒன்றில் 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள் உண்டு. நொடிக்கு 25 படங்கள். அத்தனையையும் அனுப்ப வழியில்லை. செய்தி வாசிப்பவரின் பின்னால் உள்ள சுவர் மாறுவதில்லை, உதடுதான் அசைகிறது என்றால், அசைந்ததை மட்டும் அனுப்பினால் போதும். மாறாத சுவரை வைத்திருந்து, அசைந்த உதட்டை அதன்மேல் பொருத்தி, நொடிக்கு 25 முறை முழுப் படமாக விரித்துத் தருவது பெட்டியின் வேலை. மூன்றுக்கும் பொதுவான வினை எது என்று யாரைக் கேட்டாலும் அவிழ்த்தல் என்றே சொல்வார்.

இத்தனையும் தெரிந்த பிறகும், ஒரு வீட்டில் பல அறைகளுக்குத் தொலைக்காட்சி வைப்பவர் இந்தப் பெட்டியைப் பற்றி இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பட்டறிவால்தான் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முழங்கால் வலியால் அம்மா கீழ் அறைக்கு மாறினார். மேல்மாடியில் அண்ணன் குடும்பம். அம்மாவின் அறைக்கு இரண்டாவது டிகோடர் வாங்கினோம். கூரையிலிருந்து இன்னொரு வடம் இழுப்பதற்குச் சோம்பல்பட்டு, மின்பொருள் கடையில் ஒரு ஸ்பிளிட்டர் வாங்கி, வந்த வடத்தை நானே இரண்டாகப் பிரித்துவிட்டேன். முதல் மாலை இரண்டு அறையிலும் படம் தெளிவாக வந்தது. மறுநாள் மேலே அண்ணன் மகன் பந்தாட்டத்துக்கு மாற்றிய அதே நொடியில் கீழே அம்மாவின் தொடர் மறைந்தது. அம்மா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. மேலே அவன் வேறு அலைவரிசைக்குப் போனதும் தொடர் திரும்பி வந்தது. நான்கு நாள் இப்படியே நடந்தது. மேலே இருப்பவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அம்மா மனத்தாங்கல் கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது.

ஐந்தாம் நாள், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வயரிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். ஸ்பிளிட்டரைக் கழற்றவில்லை. கூரைக்குப் போகும் வடத்தில் மீட்டரை வைத்தார். 13 வோல்ட் காட்டியது. மேலே அலைவரிசையை மாற்றச் சொன்னார். முள் 18க்குத் தாவியது. "தம்பி, பெட்டி கூரையோடு பேசுகிறது. இரண்டு பெட்டியும் ஒரே கம்பியில் பேசினால் கூரை யார் சொல்வதைக் கேட்கும்?" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குமிழான எல்.என்.பி., வானிலிருந்து வரும் அலையைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கி, வடத்தில் 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் அனுப்புகிறது. செயற்கைக்கோள் தன் அலைகளைச் செங்குத்தாகவும் கிடையாகவும் இரு வகையில் அனுப்புவதால், அலைவரிசைகள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. எது வேண்டும் என்பதைப் பெட்டிதான் மேலே சொல்ல வேண்டும். வழக்கமான முறையில், செங்குத்து வேண்டுமானால் 13 வோல்ட். கிடை வேண்டுமானால் 18. அதே வடத்தில் 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு சேர்ந்தால் மேல் பட்டை, சேராவிட்டால் கீழ்ப் பட்டை. படம் இறங்கி வரும் வடத்தில்தான் கட்டளையும் ஏறிப் போகிறது. நான் வாங்கிய ஸ்பிளிட்டரில் இரண்டு மின்னழுத்தம் மோதினால் உயர்ந்ததே வெல்லும். மேலே 18 கேட்டால் கீழே 13 தோற்கும். அம்மாவின் தொடர் 13இல் இருந்தது.

பெரியவர் ஒரு வாயுள்ள எல்.என்.பி.யைக் கழற்றி இரண்டு வாயுள்ளதைப் பொருத்தினார். ஓட்டு விளிம்பு வழியாக இரண்டாவது வடம் கீழ் அறைக்கு வந்தது. கூரை மேல் ஏறியவர் இறங்கும் முன் எனக்கு ஒன்றைக் காட்டினார். டிஷ் தெருமுனையைப் பார்ப்பதுபோல் சாய்ந்திருந்தாலும், அது உண்மையில் பிடிப்பது ஏறத்தாழ உச்சிவானத்திலிருந்து வரும் அலை. செயற்கைக்கோள் 91.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது; கோலாலம்பூர் அதற்கும் கிழக்கே இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 77 பாகையில், சற்றே மேற்காக இருக்கும். குமிழ் டிஷ்ஷின் நடுவுக்கு நேரே இல்லாமல் கீழே தள்ளி அமைந்திருப்பதால், தட்டு பார்க்கும் திசை ஒன்று, அலை வரும் திசை ஒன்று.

நான்கு அறை என்றால் நான்கு வாயுள்ள எல்.என்.பி. உண்டு. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் பெட்டிகளில் பல, ஒன்றுக்கு இரண்டு வடம் கேட்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கொண்டோமினியங்களில் மொட்டைமாடியில் ஒரே டிஷ் நின்றாலும், நடுவில் மல்டிசுவிட்ச் என்ற கருவி ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் கேட்பதைத் தனித்தனியே எடுத்துக் கொடுக்கிறது. ஒரே பெட்டியின் படத்தை, பெட்டியையும் திரையையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. வடம் வழியாகப் பல திரைகளுக்குப் பிரிக்கவும் முடியும். அப்போது எல்லா அறையிலும் ஒரே படம்தான். பந்தாட்டமும் தொடரும் ஒரே நேரத்தில் வேண்டிய வீட்டுக்கு அது உதவாது.

இனி சொல்லுக்கு வருகிறேன். மேலே கேட்டு வாங்குவதையும் உள்ளே அவிழ்ப்பதையும் இந்தப் பெட்டி சேர்த்தே செய்கிறது. வாங்குவதை மட்டும் வைத்து அலைவாங்கி என்று சொன்னால் வானொலிப் பெட்டிக்கும் அது பொருந்திவிடும். அவிழ்ப்பதே இதன் தனி அடையாளம். எழுத்தில் குறியவிழ்ப்பி என்று அமைக்கலாம். பாடநூலுக்கு அது ஏற்றது. வீட்டுப் பேச்சுக்கு நீளம். நான் பரிந்துரைப்பது அவிழ்பெட்டி. கொல்யானை போன்ற வினைத்தொகை இது: அவிழ்த்த பெட்டி, அவிழ்க்கின்ற பெட்டி, அவிழ்க்கும் பெட்டி என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எனவே 'அவிழ்ப்பெட்டி' என்று எழுதுவது பிழை. பெட்டி என்ற சொல்லைச் சேர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழிலிருந்து மலாய்க்குப் போய் அங்கேயே குடியமர்ந்த சொல் அது. அஞ்சல்பெட்டி அவர்களுக்குப் பெத்தி சூராட், குளிர்பதனப்பெட்டி பெத்தி செஜுக். பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும் பாதிச் சொல் விளங்கும்.

வழங்கும் முறைக்குச் சில வாக்கியங்கள்:

கீழ் அறை அவிழ்பெட்டிக்குத் தனி வடம் இழுக்க வேண்டும்.

மழை விட்டும் படம் வரவில்லை; அவிழ்பெட்டியை ஒரு முறை அணைத்துப் போடு.

இந்த வீட்டில் மூன்று திரை இருக்கின்றன, அவிழ்பெட்டி இரண்டுதான்.