நேவிகேட்டர்: வழிகாட்டியா, இடங்காட்டியா?

படகுப் பயணத்துக்கும் மலையேற்றத்துக்கும் எடுத்துச் செல்லும் கையடக்க ஜிபிஎஸ் கருவியை ஆங்கிலத்தைப் பின்பற்றி 'நேவிகேட்டர்' என்கிறோம். தமிழாக்கம் செய்பவர்கள் 'வழிகாட்டி' என்றோ 'வழிசெலுத்தி' என்றோ எழுதுகிறார்கள். இரண்டுமே அந்தக் கருவிக்குப் பொருந்தவில்லை. வெறும் சொல் நயம் தொடர்பான குறை என்றால் நான் இவ்வளவு வலியுறுத்த மாட்டேன். வழி காட்டாத ஒன்றை வழிகாட்டி என்று நம்பிப் படகைச் செலுத்தினால் அது பாறையில் போய் முட்டும்.

நேவிகேட்டர் லத்தீன் மூலத்திலிருந்து வந்த சொல். 'நாவிஸ்' என்றால் கப்பல், 'அகேரே' என்றால் நடத்துதல், செலுத்துதல். கப்பலை நடத்துபவர் என்பது அதன் நேர்ப்பொருள். அதாவது, முதலில் அது ஒரு மனிதருக்குரிய பெயர். விண்மீனையும் சூரியனையும் பார்த்து, ஆழத்தை அளந்து, காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்தவரின் பெயர். அவருடைய வேலையில் ஒரு பகுதியை மட்டும் செய்யும் பெட்டிக்கு அவர் பெயரை முழுவதுமாகக் கொடுத்துவிட்டார்கள். 1989-இல் விற்பனைக்கு வந்த முதல் கையடக்க ஜிபிஎஸ் கருவியை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும் மகெல்லன்தான். உலகைச் சுற்றப் புறப்பட்ட அந்தப் பழைய மாலுமியின் பெயர்.

நாவிஸ் என்றதும் நம் நாவாய் நினைவுக்கு வரும். வடமொழியிலும் கப்பலைக் குறிக்கும் 'நௌ' உண்டு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழிநடத்தல் அமைப்புக்கு 2016-இல் சூட்டப்பட்ட 'நாவிக்' என்ற பெயரில் மாலுமி என்ற பொருளும் அடங்கியிருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக லத்தீன் சொல்லுக்கு உரிமை கொண்டாடுவதை நான் ஏற்பதில்லை. சொல்லாராய்ச்சிக்கு அதைவிட உறுதியான சான்றுகள் வேண்டும்.

கப்பலை நடத்தும் மனிதருக்குத் தமிழில் தொன்மையான பெயர்கள் உண்டு. மீகாமன் என்பது பலருக்கும் தெரியும். அதற்கு நெருங்கிய 'நீகான்' அகநானூற்றின் 255-ஆம் பாட்டில் வருகிறது. மதுரை மருதனிளநாகனார் பாடியது. பெரிய வங்கம், அதாவது கப்பல், கடல்நீரைப் பிளந்துகொண்டு இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகிறது. காற்று அதை அசைத்துச் செலுத்துகிறது. நீகான், மாடத்தில் எரியும் ஒளிமிக்க விளக்கால் திசையறிந்து கலத்தைக் கொண்டுபோகிறான். 'மாட ஒள்ளெரி மருங்கறிந்து ஒய்ய' என்பது பாட்டின் தொடர்.

இந்த ஓர் அடியில் நமக்கு வேண்டிய தெளிவு முழுவதும் இருக்கிறது. எரி ஒரு பக்கம், நீகான் இன்னொரு பக்கம். விளக்கு தான் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. அதைக் கண்டு, அறிந்து, கலத்தைச் செலுத்துவது மனிதன். இன்று நாம் கையில் வைத்திருக்கும் கருவி அந்த எரிக்கு உறவு. அதற்கு நீகானின் பெயரைச் சூட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

கடல் தொழிலின் சொற்களில் தூய்மை பார்ப்பவன் அல்லன் நான். மாலுமி என்பது அரபியின் 'முஅல்லிம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சுக்கானும் அரபிச் சொல். நங்கூரம் பாரசீகத்தின் வழியே வந்தது. துறைக்கு வந்த கப்பல்களோடு சொற்களும் இறங்கின. மக்கள் அவற்றைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஜிபிஎஸ் என்ற பெயரும் அப்படித் தங்கிவிடட்டும். ஆனால் அது எதன் பெயர் என்பதை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஜிபிஎஸ் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய முழு அமைப்பின் பெயர். முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. அமைப்பு முழு அளவில் இயங்குவதாக 1995-இல் அறிவித்தார்கள். ரஷ்யாவுக்கு குளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டோ என்று இன்று பல அமைப்புகள் வந்துவிட்டன. புதிய கையடக்கக் கருவிகள் இவற்றில் பலவற்றை ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றன. வனஸ்பதி அனைத்தையும் டால்டா என்று அழைத்தோமே, அதைப் போன்றதுதான் எல்லாக் கருவியையும் ஜிபிஎஸ் என்பது. பேச்சில் பரவாயில்லை. எழுத்தில் கருவிக்குப் பொதுப்பெயர் ஒன்று தேவைப்படுகிறது.

அதற்கு அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், தங்கள் அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தை வானொலி அலையாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அலை வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து தொலைவைக் கருவி கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும். கையில் இருக்கும் கருவிக்குள் அணுக் கடிகாரம் கிடையாது. அதனால்தான் இடத்துக்கு மூன்று, கடிகாரப் பிழையைத் திருத்த இன்னொன்று என்று குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. திறந்த வானத்தின் கீழே சில மீட்டர் துல்லியத்தில் இடம் கிடைத்துவிடும். செல்பேசிக் கோபுரம் வேண்டியதில்லை. ஆகவே நடுக்கடலிலும் வேலை செய்யும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பணியில் கருவி கேட்கிறதே தவிர, எதையும் அனுப்புவதில்லை. 'ஜிபிஎஸ் வைத்திருக்கிறேன், தொலைந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்' என்று நம்பிக் காட்டுக்குள் போகிறவர்கள் உண்டு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அது உங்களுக்கு மட்டுமே காட்டும். மற்றவர்களுக்குத் தெரிவிக்க, ஆபத்துச் செய்தியை அனுப்பும் வேறு கருவி வேண்டும்.

இடத்தைக் காட்டுகிறது. ஆகவே இடங்காட்டி. திசைகாட்டி, நாள்காட்டி, கைகாட்டி என்று நமக்குப் பழகிய அச்சில் வார்த்த சொல். ஜிபிஎஸ்ஸுக்குப் 'புவியிடங்காட்டி' என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதில் புவியை விட்டுவிட்டுக் கருவிக்கு 'கையடக்க இடங்காட்டி' என்று வைத்துக்கொண்டால் எழுதவும் எளிது, சொல்லவும் எளிது.

போக வேண்டிய புள்ளியைக் கொடுத்தால் அம்புக்குறி தோன்றுகிறதே, அது வழிகாட்டுவது ஆகாதா என்று கேட்கலாம். அந்த அம்பு இங்கிருந்து அங்கே செல்லும் நேர்கோடு. இடையில் பள்ளத்தாக்கு இருந்தாலும் மணல்திட்டு இருந்தாலும் கோடு வளையாது. ஒருமுறை ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரின் அருகே நாட்டுப்படகில் சென்றபோது, என் கையிலிருந்த கருவியின் அம்பு நேரே முன்னால் காட்டியது. படகோட்டியோ தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு நெடுந்தூரம் சுற்றிப் போனார். "அங்கே பார் இருக்கிறது, தம்பி" என்றார். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. அன்று அந்தப் படகில் நீகான் அவர்தான்.

திசைகாட்டியோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நின்ற இடத்தில் நிற்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது செயற்கைக்கோள் அலையிலிருந்து தெரியாது. நகர்ந்தால்தான் போகும் திசை தெரியும். சில கருவிகளுக்குள் தனியாக ஒரு திசைகாட்டியையும் வைத்துவிடுகிறார்கள், அது வேறு உறுப்பு.

பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தத்தால் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லையைக் கண்ணால் பார்க்க முடியாது. கருவியின் திரையில் பார்க்கலாம். காற்றும் நீரோட்டமும் வலையோடு படகை அந்தக் கோட்டைத் தாண்டி இழுத்துப்போவதை அதனால் தடுக்க முடியாது.

கருவி இடத்தைக் குறிக்கும் எண்களின் அளவுகளுக்கும் நல்ல தமிழ்ப் பெயர்கள் உண்டு: பாகை (டிகிரி), கலை (நிமிடம்), விகலை (நொடி). ஒரு பாகைக்கு 60 கலை. இவற்றை அறியாமல் பயன்படுத்துவது பெரும் பிழையில் கொண்டுபோய் விடும். ராமேசுவரத்தை ஒட்டிய ஓரிடத்தின் அகலாங்கு (அட்சரேகை) 9 பாகை 17.3 கலை என்று வைத்துக்கொள்வோம். தசமத்தில் அது 9.288. அவசரத்தில் 9.173 என்று பதிந்தால் தெற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். கருவியின் மீது பழி இல்லை. கொடுத்த இடத்தை அது காட்டியிருக்கிறது.

கருவியின் மற்றச் சொற்களில், குறித்து வைக்கும் இடமான வேபாயிண்டுக்கு 'வழிப்புள்ளி' போதும். முன்கூட்டியே வகுக்கும் பாதைக்கு 'வழித்திட்டம்' என்று சொல்லலாம். எனக்குப் பிடித்தது 'தடம்'. கருவி நீங்கள் வந்த பாதையைத் தானாகப் பதிந்து வைக்கிறதே, அதன் பெயர். நடந்தால்தான் தடம் விழும். ஆகவே திரும்பும்போது நேர்கோட்டை விடத் தடத்தைப் பின்பற்றுவது பாதுகாப்பு, அது ஏற்கெனவே கடந்த பாதை என்பதால். ஓதம், அதாவது கடலின் ஏற்றம், வற்றிய வேளையில் மட்டும் கவனம் வேண்டும். காலையில் மிதந்து வந்த இடத்தில் மாலையில் தரை தட்டலாம்.

கடலுக்கான கருவிகளில் ஆள் தவறி விழுந்தால் அழுத்த ஒரு பொத்தான் இருக்கும். அதற்கு 'ஆள் விழுந்த இடம்' என்றே பெயர் வைக்கலாம். அழுத்திய நொடியில் படகு இருந்த இடம் பதிவாகிறது. அந்த இடத்துக்கு விரைவாகத் திரும்பிவிடலாம். ஆனால் விழுந்தவர் அங்கேயே மிதந்துகொண்டிருக்க மாட்டார். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் பார்த்துத் தேட வேண்டும்.