அருகலை: விரிவாக்கம் இல்லாத வைஃபை

போட்டித் தேர்வுக் கையேடுகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி: வைஃபை என்பதன் விரிவாக்கம் என்ன? 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சொல்லுக்கு விரிவாக்கமே கிடையாது.

1999-இல் வந்த கம்பியில்லா இணைப்புத் தரத்தின் பெயர் 'ஐ.இ.இ.இ. 802.11பி'. கடைக்குப் போய் இதைச் சொல்லி யார் கருவி கேட்பார்கள்? தயாரிப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு, வாயில் நுழைகிற பெயர் வேண்டுமென்று, வணிகப் பெயர்களை உருவாக்கித் தரும் இண்டர்பிராண்ட் நிறுவனத்தை நாடியது. அங்கிருந்து வந்ததுதான் வைஃபை. ஒலிப்பெட்டிகளால் காதுக்குப் பழகியிருந்த 'ஹைஃபை'யோடு எதுகை. ஹைஃபைக்காவது பொருள் உண்டு: மூல ஒலியைச் சிதைக்காமல் தரும் துல்லியம். வைஃபைக்கு ஓசை மட்டுமே. பொருளில்லாத பெயரைக் கூட்டமைப்பில் சிலரால் பொறுக்க முடியவில்லை. 'வயர்லெஸ் ஃபிடெலிட்டிக்கான தரம்' என்றொரு விளம்பர வாசகத்தை ஒட்டினார்கள். பிறகு கைவிட்டார்கள். அதற்குள் வாசகமே விரிவாக்கமாகிவிட்டது. பேரன் பிறந்த பிறகு தாத்தாவைத் தத்தெடுத்த கதை!

ஆகவே 'கம்பியில்லாத் துல்லியம்' என்று பெயர்த்திருந்தால் இல்லாத பொருளை நாமும் சுமந்திருப்போம். தமிழில் வழங்கும் 'அருகலை' அந்தப் பள்ளத்தில் விழவில்லை. அருகு + அலை; குற்றியலுகரம் கெட்டு அருகலை. பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்த்துச் செய்த சொல். இந்த அலை வீட்டளவு தூரத்துக்குத்தான் எட்டும்.

ஒரு சிக்கல் உண்டு. அருகுதல் என்றால் குறைதல். 'அருகிவரும் உயிரினம்' என்கிறோமே, அது. அருகல் + ஐ என்று பிரித்தாலும் அருகலைதான். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ரௌட்டர் கூடத்தில் இருக்க, கைபேசியோடு அடுக்களைக்குள் போய்ப் பாருங்கள். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக அருகும். புளூடூத்துக்கு வைத்த 'ஊடலை'தான் உண்மையில் சங்கடம். 'ஊடலைத் துண்டிக்கவும்' என்றால் காதலர்களுக்கான அறிவுரைபோல ஒலிக்கிறது.

கடையில் நானும் வைஃபை என்றுதான் கேட்கிறேன். எழுதும்போது அருகலை. க, ச, த, ப வருமிடத்தில் வல்லினம் மிகும்: அருகலைக் கடவுச்சொல்.